ஓட்டை இல்லாத இலை

ஞானபாயைப் பற்றி எழுதுவதற்கு முன் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவள் செய்த ஒரே பெரிய தப்பு, நான் செய்ய வைத்த தப்பு. எங்கள் தெருவில் இதை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. குடியிருப்போர் சங்கத்தின் காரியதரிசியிடம் போய் யார் வாயைக் கொடுப்பார்கள்? அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் பெயர் மீரா. திருவனந்தபுரம் கோட்டைக்குள், கோவிலைச் சுற்றியிருக்கும் தெருக்களில் ஒன்றில் பிறந்து, அங்கேயே அறுபத்துமூன்று வயதை முடித்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரிட்டயர் ஆனதும் அதிகாரம் பண்ண ஆள் இல்லாமல் தவித்துப்போய், சங்கத்துக்குக் காரியதரிசி ஆனேன். யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வழிகிறது, யார் கார் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதெல்லாம் என் கணக்கில் வரும். எல்லோருக்கும் என்னைத் தெரியும், ஒருவருக்கும் என்னைப் பிடிக்காது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஞானபாய் மாதத்துக்கு ஒரு முறை பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருகிறவள். வீடு வீடாகப் போய், கழுவிக் காயவைத்த பால் கவர், பிஸ்கட் உறை எல்லாவற்றையும் வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போகிற ஹரித கர்ம சேனைப் பெண்களில் ஒருத்தி. வயது நாற்பத்தெட்டு. பிறந்தது தெற்கே பாறசாலைக்குப் பக்கம். தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் புறமா அந்தப் புறமா என்று கேட்டால், "வீடு இங்க, கெணறு அங்க மாமி" என்பாள். கணவன் சத்தியதாஸ் கொத்தனார். அவர் வேலை தேடி இங்கே வந்தபோது கூடவே வந்து, கரமனைக்கு அப்பால் வாடகைக்குக் குடியேறினாள். மகள் ஷிஜி நர்சிங் படிக்கிறாள். மகள் மலையாளத்தில் கேட்பாள், அம்மா தமிழில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

இருநூற்றெண்பது வீடுகள் அவள் பொறுப்பு. நாங்கள் நம்பரை வைத்தும் ஆளை வைத்தும் சொல்கிற வீடுகளுக்கு அவள் வேறு அடையாளம் வைத்திருந்தாள். சாம்பக்காய் உதிருகிற வீடு. முசுறு கூடு கட்டின மாமரத்து வீடு. மதில் பொந்தில் சிறுதேனீ குடியிருக்கிற வீடு. மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தில் அவள் வீட்டிலிருந்து கொண்டுவருவது சோறு மட்டும்தான். தொட்டுக்கொள்ள வழியில் ஏதாவது கிடைத்துவிடும். ஒரு வீட்டில் புளிப்பான இலும்பிப்புளிக்காய், இன்னொரு வீட்டில் பச்சைமிளகாய், மூன்றாம் வீட்டில் கல்லுப்பு. நசுக்கிப் பிசைந்து முடித்துவிடுவாள். ஒரு முறை கொஞ்சம் எனக்கும் நீட்டினாள். பல் கூசி, கண்ணில் தண்ணீர் வந்து, அடுத்த மாதமும் கேட்டு வாங்கித் தின்றேன்.

என் வீட்டுக்கு என்ன அடையாளம் வைத்திருக்கிறாள் என்று ஒரு நாள் கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள்.

"ஒண்ணும் இல்லாத்த வீடு மாமி."

"என்னடி சொல்றே?"

"சத்தியம் பறஞ்சா மாமி கோபிக்கப்படாது. மொத்தம் டைல்சாக்கும். ஒரு எறும்பு நடந்தாலும் காலு சுடும்."

முற்றம் முழுக்க டைல்ஸ் போட்டு ஒரு புல் முளைக்க இடமில்லாமல் செய்தது நான்தான். அதைச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கவர்களைக் கொடுத்து அவளை அனுப்பிவிட்டேன்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கேட்டைத் திறப்பதற்கு முன் ஒரு நொடி நிற்பாள். மூச்சு வாங்குகிறாள் என்றுதான் நான் பல வருஷம் நினைத்திருந்தேன். இல்லை, காதைக் கொடுத்துக் கேட்கிறாள். எங்கே தவளை கத்துகிறதோ அங்கே சேம்பு செழித்திருக்கும். எங்கே வண்டு ரீங்காரம் போடுகிறதோ அங்கே கோவை பூத்திருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் பார்க்காமலே சொல்லிவிடுவாள். முப்பத்தைந்து வருஷம் காதை வைத்துப் பிழைத்த என்னிடமே, "மாமிக்கு மனுசரு பேசுனா மட்டும் காது கேக்கும்" என்று சிரித்தவள் அவள்.

இந்தக் காதும் வழியறிவும் சேர்ந்துதான் அவளைக் கர்க்கடக மாதத்து இலைக்காரி ஆக்கின. கர்க்கடகம் என்றால் எங்களுக்கு ஆடி. மலையாளிகள் அந்த மழைக்காலத்தில் பத்து விதக் காட்டுக்கீரையைச் சேர்த்து, தேங்காய் போட்டுத் துவரன் என்கிற பொரியல் பண்ணிச் சாப்பிடுவார்கள். தகரை, சேம்பின் தளிர், மூக்கிரட்டை, பூசணி இலை, கோவை, தொட்டால் கை அரிக்கிற செந்தட்டிகூட அதில் உண்டு, வெந்தால் அரிப்பு போய்விடும். இங்கே ஏழெட்டுத் தலைமுறையாக இருக்கிற எங்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஆடி ஒன்றாம் தேதி ஒரு அடுப்பில் ஆடிப்பால் பாயசம், இன்னொரு அடுப்பில் பத்திலைத் துவரன். அந்த மாதம் முருங்கைக்கீரையை மட்டும் யாரும் தொடமாட்டோம். மழையில் முருங்கை நிலத்து விஷத்தையெல்லாம் இலைக்கு இழுத்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை.

பத்து இலையை இந்த ஊரில் எங்கே போய்ப் பறிப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஞானபாய்க்குத் தெரியும். கர்க்கடகம் ஒன்றாம் தேதி விடிவதற்குள் பறித்து, வாழைநாரால் கட்டி, வேலைக்குப் போகும் முன் வாசல் வாசலாகக் கொடுத்துவிட்டுப் போவாள். விலை சொல்லமாட்டாள், கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். அவள் கட்டில் இருக்கிற இலை எல்லாம் ஓட்டையாக இருக்கும். வேண்டுமென்றே அப்படிப்பட்ட இலையைத்தான் பறிப்பாள். புழுவும் வண்டும் கடித்த இலை என்றால் மனுஷனும் நம்பித் தின்னலாம் என்பது அவள் வைத்திருந்த பரீட்சை.

போன வருஷம் அப்படி ஒரு கட்டு என் வாசலுக்கு வந்தது. அதில் ஒரு சேம்பிலையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து போட்டோ எடுத்து, "இது கீரையா, சல்லடையா?" என்று எழுதி, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாற்பது பேர் சிரித்தார்கள். மறுநாள் ஞானபாயைக் கூப்பிட்டு, "பூச்சி தின்ன மிச்சத்தை எங்களுக்குக் கொண்டுவராதே, அடுத்த வருஷம் நல்ல முழு இலையா இருந்தாக் கொண்டா, இல்லைன்னா வேண்டாம்" என்றேன். அவள் சரி மாமி என்றாள். எனக்கு அது அத்தோடு மறந்துபோயிற்று. அவளுக்கு மறக்கவில்லை.

இந்த வருஷம் கர்க்கடகம் ஒன்றாம் தேதி ராத்திரியெல்லாம் பெய்த மழை காலையிலும் விடவில்லை. ஏழரை மணிக்கு வாசலில் கட்டு இருந்தது. அவிழ்த்துப் பார்த்து அசந்துபோனேன். ஒரு இலையில் ஒரு ஓட்டை இல்லை, ஒரு புழு இல்லை, நரம்பு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப்பூச்சிகூட இல்லை. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். "சொன்னால் கேட்கிறார்கள்" என்று கீழே எழுதினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

எட்டே முக்கால் மணிக்கு மழை விட்டது. கீரையை அலம்பி அரிந்துவைத்துவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கேட் படாரென்று திறந்தது. கேட்டருகில் ஒரு நொடியும் நிற்காமல் ஞானபாய் அன்றைக்குத்தான் ஓடிவந்தாள்.

"மாமி, இலைய அடுப்பில வச்சியளா?"

"இல்லைடி, இப்பத்தான் அரிஞ்சேன். ஏன்?"

நேரே அடுக்களைக்குள் வரமாட்டாள், வாசல் நிலையிலேயே நின்று கையை நீட்டினாள். "அந்தச் சட்டிய இங்க தாருங்க. கைய சோப்பு போட்டுக் கழுவுங்க. வெரசா."

கோபம்தான் வந்தது எனக்கு. காரணம் கேட்டேன். அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இது. கோட்டைக்குத் தெற்கே, ஆற்றுக்குப் போகிற வழியில் காலி மனை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் யாருடையதோ. மூன்று பக்கம் மதில், உள்ளே ஆள் உயரப் புதர். பக்கத்தில் புதிதாக ஒரு ஃபிளாட் எழும்பியிருக்கிறது. எங்களுக்கு எல்லாம் கட்டிக் கொடுத்த பிறகு, தன் வீட்டுக்கும் ஷிஜிக்கும் ஒரு கட்டு பறிக்கலாம் என்று ஞானபாய் மறுபடி அங்கே போயிருக்கிறாள். விடிகாலை போனபோது மழைச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. இப்போது மழை விட்டிருந்தது.

"மழை விட்டா அந்தப் பறம்பு காதடைக்கும் மாமி. சில்வண்டு, தவள, சொவர்க்கோழி, எல்லாம் ஒண்ணா விளிச்சிட்டு கெடக்கும். கால வச்சா வெட்டுக்கிளி தெறிச்சு முகத்தில அடிக்கும். இன்னைக்கு ஒண்ணும் இல்ல. நான் நின்னேன், நின்னேன், ஒரு சத்தமும் கேக்கல்ல. குனிஞ்சு பாத்தா எறும்பு எல்லாம் செத்துச் சுருண்டு கெடக்கு. ஒரு தவளையும் மல்லாந்து கெடக்கு."

மனையைப் பார்த்துக்கொள்கிற ஸ்ரீகுமார் தெருமுனையில்தான் இருக்கிறான். ஓடிப்போய்க் கேட்டிருக்கிறாள். ஆமாம், முந்தாநாள் மருந்து அடித்தோம் என்றானாம். ஃபிளாட்டில் யாருக்கோ சீவீட்டுச் சத்தத்தில் தூக்கம் வரவில்லையாம், சில்வண்டைத்தான் அவர்கள் சீவீடு என்கிறார்கள். போன மாதம் ஒரு தடவை அடித்தும் சத்தம் அடங்காததால் இரண்டாம் தடவை, கலக்கவேண்டிய அளவுக்கு இரண்டு மடங்கு கலந்து அடித்தார்களாம்.

"எப்பவும் அங்கதான் பறிப்பியா?" என்று கேட்டேன்.

"எப்பவும் பறிக்கது பல எடத்தில மாமி. இந்த வருசம் அங்க மட்டும்தான் நல்ல முழு இலை நின்னுது. மாமி கேட்ட மாதிரி."

குத்திக்காட்டுகிற பழக்கமே இல்லாதவள் அவள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அப்படி இருந்திருக்காது.

அன்று அவள் கொடுத்தது முப்பத்தோரு கட்டு. பதினொன்று, பதினொன்றரைக்கெல்லாம் எங்கள் தெருக்களில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். மணி ஒன்பதரை. சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், வயிற்றுப்போக்கோடு போயிருக்குமா, அதற்கு மேலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதைச் சோதித்துப் பார்க்கிற தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

என் மூளை முதலில் போன வழி எது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. "இங்கே பாருடி," என்றேன், "விஷம்னு சொல்ல வேண்டாம். இலை மாறிப்போச்சு, இது கசக்கும், திருப்பிக் குடுங்கோன்னு சொல்லிடலாம். விஷம்னு சொன்னா இனிமே உன்னை ஒருத்தரும் கேட்டுக்குள்ள விடமாட்டா. வேலையும் போயிடும்." அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் குழுவில் போட்ட போட்டோவும் நினைவில் இருந்தது.

அவள் தலையை ஆட்டினாள். "கசக்கும்னு சொன்னா சில ஆளு கொஞ்சம் சர்க்கர போட்டுத் தின்னுரும் மாமி. விசம்னே சொல்லுங்க. ஞானபாய் தந்ததுன்னும் சொல்லுங்க. அப்பத்தான் எந்த இலைன்னு அறியும்."

சங்கத்து நோட்டை எடுத்துக்கொண்டு போன் அருகில் உட்கார்ந்தேன். அவள் வாசல்படியில் நின்று, கொடுத்த வரிசையிலேயே வீடுகளைச் சொன்னாள். சாம்பக்காய் வீடு, தேனீ வீடு, நாய் வீடு, இரட்டைக் கேட்டு வீடு. எந்த வீடு என்று நான் நம்பரைக் கண்டுபிடித்துப் போன் போட்டேன். எக்ஸ்சேஞ்சில் அவசர லைன் வந்தால் ஒரு குரல் வைத்துப் பேசுவோம், சுருக்கமாக, பதற்றமில்லாமல். பல வருஷம் கழித்து அந்தக் குரல் எனக்கு வந்தது. "மீரா பேசறேன். ஞானபாய் காலம்பற குடுத்த கீரையில பூச்சிமருந்து இருக்கு. சமைக்காதீங்கோ. சமைச்சிருந்தா கொட்டிடுங்கோ. யாராவது சாப்பிட்டாளா?" இந்த ஐந்து வாக்கியம்தான். இல்லை என்று பதில் வந்ததும் அடுத்த நம்பர்.

எல்லோரும் நல்லபடியாகப் பேசினார்கள் என்று சொன்னால் பொய். ஒருவர் போலீசுக்குப் போவேன் என்றார். ஒரு அம்மாள், இதுக்குத்தான் கண்டவா கிட்ட வாங்கப்படாதுன்னேன் என்று வாசலில் நிற்பவளுக்கும் கேட்கும்படி கத்தினாள். ஞானபாய் அதற்கும் முகம் மாறாமல் அடுத்த வீட்டைச் சொன்னாள். புடவைத் தலைப்பை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பதினேழாவது வீடு ஜினி. வாடகைக்கு வந்திருக்கும் சின்னப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் மலையாளமும் தமிழுமாகக் கேட்டாள்: "சேச்சி, ஞானபாய் சேச்சி வெறும் கையால அல்லே பறிச்சது? அவருக்கு ஒண்ணும் இல்லியே? கை கழுகியோ?"

நான் திரும்பி ஞானபாயின் கையைப் பார்த்தேன். விரல் நுனிகளெல்லாம் சிவந்து தடித்திருந்தன. செந்தட்டி அரிப்பு என்று அவள் விட்டுவிட்டாள். விடிகாலையிலிருந்து முப்பத்தோரு கட்டைக் கட்டின கை. பதினாறு வீட்டுக்குப் போன் பண்ணியும் எனக்கு அது தோன்றவில்லை. எழுந்து போய் என் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சோப்பைக் கையில் கொடுத்து, முழங்கை வரை கழுவு என்றேன். அவள் உள்ளே வர யோசித்தாள். பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பத்தே முக்காலுக்குள் என் வீட்டையும் சேர்த்து இருபத்தெட்டு வீடு முடிந்தது. ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. மூன்று வீட்டில் போன் எடுக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று குழுவிலும் போட்டுவிடலாம் என்றேன். ஞானபாய் தானே பேசுவதாகச் சொன்னாள். போனை வாய் பக்கத்தில் பிடித்தேன். "நான் ஞானபாயாக்கும். இன்னைக்கு நான் தந்த இலையில விசம் உண்டு. நான் பாக்காம பறிச்சது. யாரும் திங்காதுங்க" என்று சொன்னாள். நான் போனை என் பக்கம் திருப்பி, "முழு இலைதான் வேண்டும் என்று அவளிடம் கேட்டது நான்" என்று சொல்லி அனுப்பினேன்.

போன் எடுக்காத மூன்று வீட்டுக்கும் நடந்தோம். என் முழங்கால் மூட்டு மழைக்காலத்தில் சொன்ன பேச்சு கேட்காது. அவள் வேகமாக நடந்து, நின்று, எனக்காகக் காத்து, மறுபடி நடந்தாள். முதல் வீட்டில் ஆளில்லை, கோவிலுக்குப் போயிருந்தார்கள், கட்டு கேட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது வீட்டு வேலைக்காரி செய்தி ஏற்கெனவே வந்துவிட்டது என்று கட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மிச்சம் தெருக்கோடியில் ராமசுப்ரமணியன் மாமா.

மாமாவுக்கு எண்பத்துநாலு வயது. காது கேட்காது, கேட்கிற கருவி எப்போதும் மேஜை டிராயரில் இருக்கும். மனைவி வாலாம்பாள் மாமி போய் இரண்டு வருஷம் ஆகிறது. பையன் சாய் பெங்களூரில். மாமா தானே சமைத்துத் தானே சாப்பிடுகிறார். ஞானபாயிடம் தெருவில் முதன்முதலில் இலை வாங்கினது வாலாம்பாள் மாமிதான். ஓட்டையா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. மாமி போன பிறகும் மாமா அந்தக் கட்டை விடாமல் வாங்கி, மாமியின் கைப்பக்குவத்தை நினைத்துக்கொண்டு ஏதோ கிளறிக்கொள்வார்.

மணி பதினொன்றே கால். மாமா பதினொன்றுக்குச் சாப்பிடுகிறவர். வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. எங்கள் வீடுகள் தெருவில் ஆரம்பித்து அடுத்த சந்து வரை நீளுகிறவை. கூப்பிட்டால் பின்கட்டில் இருப்பவருக்குக் கேட்காது, அதிலும் மாமாவுக்கு. ஞானபாய் வாசலில் நின்று காதைக் கொடுத்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"மாமா பொறத்தால நிக்காவ," என்றாள். "காக்காய விளிக்காவ."

காக்காய்க்குச் சாதம் வைக்காமல் மாமா சாப்பிடமாட்டார். வைத்தால் போதாது, அது வந்து கொத்த வேண்டும். மாமி போன நாளிலிருந்து அந்த ஒழுங்கை ஒரு நாளும் விட்டதில்லை. அப்படியானால் மாமா இன்னும் சாப்பிடவில்லை. ஆனால் காக்காய்க்கு வைத்த துவரன் மதில்மேல் இருக்கும்.

ஒன்பது வருஷமாக ஞானபாய் அந்த வீட்டு வாசல்படியைத் தாண்டினதில்லை. யாரும் தாண்டாதே என்று சொன்னதில்லை, யாரும் வா என்றும் சொன்னதில்லை. என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். நான், "ஓடுடி" என்றேன். செருப்பை உதறிவிட்டுக் கூடம், பூஜை அறை, அடுக்களை எல்லாவற்றையும் தாண்டி ஓடினாள். மூட்டைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். அடுக்களையில் மாமாவின் தட்டு தயாராக இருந்தது. சாதம், பக்கத்தில் பச்சைத் துவரன், கை படவில்லை.

பின்கட்டில் மாமா மதிலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ராத்திரி மழைக்கு ஒதுங்கின காக்காய்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை போலிருக்கிறது, அரை மணியாக ஒன்றும் வரவில்லை என்று பிறகு தெரிந்தது. மதில்மேல் வாழைஇலைத் துண்டில் சாதமும் துவரனும். நாங்கள் போன அந்த நேரம் பார்த்து ஒரு காக்காய் தென்னை மட்டையிலிருந்து இறங்கி மதிலில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு தத்து தத்திக் கிட்டே வந்தது. ஞானபாய் கையைத் தட்டிக் கூச்சலிட்டுக்கொண்டே பாய்ந்து, இலையோடு எல்லாவற்றையும் மதிலிலிருந்து கீழே இருந்த வாளியில் தள்ளினாள். காக்காய் கரைந்துகொண்டு பறந்துபோயிற்று.

மாமா ஞானபாயை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டு இரண்டடி வைத்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"யாரை விரட்டறே நீ? யாரை விரட்டறே?" என்றார். "வாலாம்பாள்டி அது. இன்னிக்கு இந்தத் துவரனை அவளுக்குத்தான் பண்ணினேன். அவள் சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடறது?"

நான் அவர் காதருகில் போய் விஷம், விஷம் என்று கத்தினேன். அவருக்கு அது காதில் ஏறவில்லை. என் வாயசைவைப் பார்க்கவும் அவர் தயாராக இல்லை, ஞானபாயையே முறைத்துக்கொண்டிருந்தார். நான் கூடத்துக்குத் திரும்பி நொண்டிப்போய், டிராயரைக் குடைந்து, கருவியைக் கொண்டுவந்து அவர் காதில் மாட்டினேன். சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஞானபாய் முந்திக்கொண்டாள்.

"மாமா, இலையில விசம். மருந்தடிச்ச எடமுன்னு அறியாம நான் பறிச்சுத் தந்திட்டேன். மாமிக்கு அத வைக்கப்படாதுன்னுதான் வெரட்டினேன்."

மாமா அவளைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். கோபம் வடிந்து, அந்த இடத்தில் பயம் வந்தது.

"என் கையாலயே வெச்சேனா அவளுக்கு?"

"தின்னல்ல மாமா. ஒரு பருக்க தொடல்ல. நான் பாத்துட்டுத்தான் நின்னேன்."

"நிஜமாவா?"

"சத்தியம் மாமா."

அவர் துணி தோய்க்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். என் கையிலிருந்த போனில் குழுச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. திட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டு பேர் திட்டியிருந்தார்கள். ஜினி, தன் வாடகை வீட்டுப் பின்புறம் மருந்தே படாத தகரை நிறைய நிற்கிறது, ஞானபாய் சேச்சி நாளைக்கு வந்து பறித்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஐந்தாறு வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில் சேம்பு உண்டு, பூசணி உண்டு என்று அடுக்கியிருந்தார்கள். அத்தனை நாளாக அவர்கள் கொல்லையில் அது இருந்ததே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்திருக்கும். ஞானபாய்க்கு வாசித்துக் காட்டினேன். முகத்தைப் புடவையால் துடைத்துக்கொண்டாள். அன்று அவள் அழுதது அப்போது மட்டும்தான்.

மாமா எழுந்தார். தட்டிலிருந்ததையும் வாணலியில் மிச்சமிருந்ததையும் தானே வாளியில் கொட்டினார். கையைத் தேய்த்துக் கழுவினார். உள்ளே போய்ப் பானையிலிருந்து புதிதாகச் சாதம் எடுத்து, பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, சுத்தமான இலைத் துண்டில் வைத்துக்கொண்டு வந்தார். அதை ஞானபாயிடம் நீட்டினார்.

"நானா மாமா?"

"நீதானே விரட்டினே. நீயே கூப்பிடு."

அவள் குழாயில் கையை இரண்டு முறை கழுவினாள். இலையை வாங்கி மதில்மேல் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவளுக்கு இது இறந்தவர்களை நினைத்து வைக்கிற சாதம் என்று தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அவள் யோசிக்கவில்லை. உடனே கூப்பிடவும் இல்லை. பேசாமல் நின்று காதைக் கொடுத்தாள். நானும் நின்றேன். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்து வீட்டு மதிலுக்குள் ஒரு சுவர்க்கோழி விட்டு விட்டுக் கத்தியது. எங்கேயோ தூரத்தில் ஒரு தவளை. இத்தனை வருஷம் இவையெல்லாம் இருந்தனவா என்று எனக்குத் தோன்றியது. அவள் முகத்தை வடக்கே திருப்பினாள். அந்தத் திசையைப் பார்த்து, மாமா கூப்பிடுகிற மாதிரி இல்லாமல், அசல் காக்காயின் குரலில், அடித்தொண்டையிலிருந்து மூன்று முறை கரைந்தாள்.

வடக்குப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

அது அதே காக்காய்தானா என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரிந்தது. வந்து மதிலில் உட்கார்ந்தது, ஞானபாயைச் சந்தேகமாகப் பார்த்தது, அவள் இரண்டடி பின்வாங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாய் கொத்தியது. இன்னொரு வாய் கொத்தியது. மாமா வாயைத் திறந்தபடி ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். இலை காலியான பிறகு அது அலகை மதிலில் இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டு எழும்பிப் போயிற்று.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைத் தாண்டி, ஞானபாயைப் பார்த்துச் சொன்னார்:

"வாலாம்பாள் சாப்டாச்சு. இனி நாம சாப்பிடலாம். உள்ளே வா."